பேர் போடாத படம்

"எம் பேரை ஏன் சேர் அழிச்சீங்க?"

வாசலில் நின்றே கேட்டாள் சந்திரிகா. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

பாலேந்திரன் கதிரையை விட்டு எழும்பினார். "உள்ளுக்கு வாரும் பிள்ளை."

"வரல சேர். காலையில படத்துக்குக் கீழ எம் பேரு இருந்திச்சு. மத்தியானம் எங்க மொதலாளிக்குக் காட்டலாம்னு திறந்தா காணோம். அவரு சிரிக்கிறாரு!"

சந்திரிகா ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துப் பெண். கண்டியில் ஒரு மருந்துக்கடையில் வேலை. கமரா வைத்த போன் வாங்கிய புதிதில், குட்ஷெட் பஸ் நிலையத்தில் மழையோடு மழையாக ஒரு படம் எடுத்தாள். குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, சோதனைக்குப் பையைத் திறந்தபடி நிற்கும் சனம். கடைக்கு மருந்து வாங்கப் போன பாலேந்திரன், பார்த்தவுடனே "என்ரை பதிவுக்குத் தாரும் பிள்ளை" என்று கேட்டு வாங்கிவிட்டார்.

அவர் காப்புறுதிக் கம்பனியில் கணக்காளர். யாழ்ப்பாணத்துக்காரர். மிச்ச நேரமெல்லாம் தமிழில் வலைப்பதிவு எழுதுவார். அவர் எழுதியதை வாசித்தவர்களை விட, அவரிடம் ஏச்சு வாங்கியவர்கள் அதிகம். யாராவது இணையத்தில் அகப்பட்ட படத்தைத் தூக்கித் தன் பதிவில் போட்டால் போதும், உடனே போய்ப் பின்னூட்டம் எழுதுவார்.

"கூகுளில் கிடைப்பதெல்லாம் கோயில் பிரசாதம் இல்லை. எடுத்தவர் 'யாரும் பாவிக்கலாம்' என்று விட்டுத்தந்த படங்கள் எத்தனையோ இருக்கின்றன. தேடி எடுங்கள். எடுத்தவர் பெயரைப் போடுங்கள். கிடைக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள்."

அந்த மனிதர்தான் இப்போது தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "அது... கைதவறி அழிஞ்சு போச்சு."

"அப்ப திரும்பப் போடுங்க."

"பாப்பம்."

சந்திரிகாவின் கண் கலங்கிவிட்டது. "ஊருக்கெல்லாம் பேரு போடச் சொல்றீங்க. தோட்டத்துப் பொண்ணுன்னா மட்டும் பேரு வேணாமா சேர்?"

பதிலுக்கு நிற்காமல் படியிறங்கிப் போனாள்.

குசினிக்குள் இருந்து மனைவி செசிலியா வந்தாள். "வெக்கமா இல்லையோ உங்களுக்கு? ஒரு பேர்! அதைப் போட்டால் உங்கடை பேர் குறைஞ்சு போகுமோ?"

"இஞ்சரும், தேத்தண்ணி ஒண்டு தாரும்" என்றார் பாலேந்திரன்.

தேத்தண்ணி கிடைக்கவில்லை.

அடுத்த நாள் அந்தப் பதிவின் கீழே 'நேர்மைப்பிரியன்' என்று ஒரு ஆள் எழுதியிருந்தார்.

"உபதேச திலகம் பாலேந்திரன் அவர்களே! இது ஒரு வெள்ளைக்கார உல்லாசப் பயணி எடுத்த படம். அவருடைய தளத்தில் என் கண்ணாலேயே பார்த்தேன். நீரும் கள்ளன்தானா?"

அவ்வளவுதான். அவரிடம் ஏச்சு வாங்கிய அத்தனை பேரும் திரண்டு வந்தார்கள். "பிரசாதம் ருசியோ ஐயா?" என்று ஒருவர். "பூசாரியே உண்டியலில் கை வைத்துவிட்டார்" என்று இன்னொருவர். பாலேந்திரன் எதற்கும் மறுப்பு எழுதவில்லை.

"நீங்க திருடினதா எழுதுறாங்க. நான் எடுத்த படத்தை எவனோ வெள்ளைக்காரன் எடுத்தான்றாங்க. நீங்களும் பேசாம இருக்கீங்க!" என்று சந்திரிகா போனில் கத்திவிட்டு வைத்தாள்.

அந்தக் கிழமை முடியமுன்னமே வீட்டு வாசலில் ஒரு ஜீப் நின்றது. சிவில் உடுப்பில் இரண்டு பேர். ஒருவருக்குத் தமிழ் நன்றாகத் தெரிந்திருந்தது. கையில் அந்தப் படம், பெரிதாக அச்செடுத்தது. படத்தின் மூலையில், மழைக்குள் மங்கலாக, மண்மூட்டை அடுக்கிய காவலரணும் துவக்கோடு ஒரு சிப்பாயும். சண்டை நடக்கும் காலம்; காவலரணைப் படமெடுத்தவரைச் சும்மா விடமாட்டார்கள்.

"இதை எடுத்தது யார்?"

"தெரியாது சேர். இன்ரநெற்றில இருந்து எடுத்துப் போட்டனான்."

"கேட்டு எடுத்தீங்களா?"

"இல்லை."

"அப்ப களவா?"

"ஓம் சேர். களவுதான்."

வந்தவர் சிரித்துவிட்டார். "கீழே ஒருத்தர் எழுதியிருக்கார். வெள்ளைக்காரன் படமாம். உண்மையா?"

"அவர் சொன்னது சரி சேர்."

அடையாள அட்டையைப் பார்த்தார்கள். தங்கள் முன்னாலேயே படத்தைப் பதிவிலிருந்து நீக்கச் சொன்னார்கள். நீக்கினார். "படிச்ச மனிசன், களவெடுக்கக் கூடாது" என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஜீப் சத்தம் அடங்கும்வரை செசிலியா குசினிக் கதவைப் பிடித்தபடி நின்றாள். பிறகு, கேட்காமலே தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"எப்ப கண்டனீங்கள் அந்தச் சிப்பாயை?"

"போட்ட அண்டைக்கே, மத்தியானம். அதுக்குள்ள நாலைஞ்சு பேர் படத்தை மட்டும், பேரில்லாமல், கொப்பி பண்ணிப் போட்டாங்கள். என்ரை பதிவில இருந்து தூக்கினாலும் பிரயோசனமில்லை. பேரை மட்டுந்தான் அழிக்க முடிஞ்சுது."

"அந்தப் பிள்ளையிட்டைச் சொல்லியிருக்கலாமே. உங்களை எவ்வளவு வெறுத்துப் போட்டாள்!"

"சொன்னால் பயந்துபோவாள். ஒவ்வொரு நாளும் அந்தச் சென்றிக் காவலைத் தாண்டித்தானே வேலைக்குப் போகவேணும்? பயந்த முகத்தோட அதால போகேலாது. கோவத்தோட போகலாம்."

செசிலியா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். துடைத்து முடியமுன்னமே கோபம் வந்துவிட்டது.

"எல்லாம் சரி. ஆனால் அந்த நேர்மைப்பிரியன்! உலகமெல்லாம் உங்களைக் கள்ளன் எண்டு நாறடிச்ச மனிசன். அவன் மட்டும் என்ரை முன்னால வரட்டும், நாக்கைப் பிடுங்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கிறன்."

பாலேந்திரன் தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தார்.

"கேளும். முன்னாலதானே இருக்கிறன்."