ஹாக்லரா, மோன்சோனா?

“சார், நாளையிலருந்து நீங்க வர வேணாம்.”

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ராஜாராம் நிமிர்ந்து பார்த்தார். பிரிஸ்கில்லா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“டாக்டர் நைனாகிட்ட பேச்சே குடுக்காதீங்கன்னு சொல்லிக்கீறாரு. நீங்க வந்து பாக்ஸிங்கப் பத்தி வாதம் பண்றீங்க. நீங்க போனப்புறம் எங்க நைனா இருமற இருமல் உங்களுக்குத் தெரியாது சார். நான்தான் பாக்கறேன்.”

அவள் சொன்னதில் தப்பில்லை. ஏசுதாஸுக்கு நுரையீரல் போய்விட்டது. கல் கிரஷரில் இருபத்தைந்து வருஷம் தின்ற தூசி. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். மகள் பிரிஸ்கில்லா கம்பெனி வேலையை விட்டுவிட்டுக் கூடவே இருந்தாள்.

ராஜாராம் ரிட்டயரான பி.டி. வாத்தியார். புள்ளலூரில் நிலபுலன் உள்ளவர். ஏசுதாஸ் படுத்த படுக்கையானது தெரிந்ததிலிருந்து, ஒரு மாசமாக, தினம் சாயங்காலம் பஸ் மாறி சாலவாக்கம் வந்துவிடுகிறார். வந்தால் ஒரே பேச்சுதான்: அந்தக்கால உலக மிடில்வெயிட் பாக்ஸிங் சாம்பியன்களில் யாரை யார் அடிப்பான் என்று.

இன்றைக்கும் அப்படித்தான். ஆக்ஸிஜன் மிஷின் ஒரு பக்கம் இரைந்துகொண்டிருந்தது.

“மோன்சோனுக்குக் கை நீளம் ஏசுதாஸு. ஹாக்லரக் கிட்டயே விடமாட்டான்.”

“இன்னா வாத்தியாரே, ஹாக்லர் இடது கைக்காரன். உள்ள பூந்து வவுத்துல நாலு குடுத்தான்னா, எட்டாவது ரவுண்டுல உங்காளு உக்காந்துக்குவான்.”

“மோன்சோனா? பதினஞ்சு ரவுண்டும் நிப்பான்யா!”

“நிக்க வுட்டாதானே!”

இருமல் வந்தது. பிரிஸ்கில்லா ஓடிவந்து முதுகைத் தடவிவிட்டாள். ராஜாராம் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

“ரெண்டு பேரும் மோதவே இல்ல. அத வுடு. ஹாக்லரும் லெனார்டும் மோதினாங்களே, எம்பத்தேழுல. மூணு ஜட்ஜுல ரெண்டு பேரு லெனார்டுக்குப் போட்டாங்க. ஜட்ஜா உக்காந்துருக்கறவனும் மனுசன்தானே ஏசுதாஸு. நம்ம பக்கத்துலயே ஒரு தடவ...”

“அது கெடக்குது வாத்தியாரே. ராபின்சனும் ஹாக்லரும் எறங்குனா யாரு? அத்தச் சொல்லு.”

அப்புறமும் முக்கால் மணி நேரம் ஓடியது. இரண்டு தடவை இருமல். அதற்குமேல் பிரிஸ்கில்லாவால் பொறுக்க முடியவில்லை.

வர வேண்டாம் என்று அவள் வாசலில் சொன்னதற்கு ராஜாராம் கோபப்படவில்லை.

“இன்னியோட நிறுத்திடணும்னுதாம்மா தினமும் வரேன்” என்றார். “எம்பத்தெட்டுல காஞ்சிபுரத்துல மிடில்வெயிட் ஃபைனல் நடந்துச்சு. உங்கப்பா பாயிண்ட்ல தோத்துட்டாருன்னு கேள்விப்பட்டிருப்பியே?”

“ம்.”

“தோக்கலம்மா. எதிர்ல ஆடுனது எங்க அக்கா பையன். மார்க் போட்ட மூணு பேர்ல நானும் ஒருத்தன். மத்த ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் போட்டாங்க. என் மார்க்குதான் முடிவு பண்ணுச்சு.” அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “அந்த சர்டிபிகேட்டக் காட்டித்தான் அவனுக்கு ரயில்வேயில வேலை கெடச்சுது.”

பிரிஸ்கில்லா உள்ளே கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

“எங்க நைனா கிரஷருக்குப் போனாரு” என்றாள்.

“தெரியும்மா. அவர் உசுரு இருக்கறப்பவே சொல்லிடணும்னுதான் ஒரு மாசமா வரேன். ஆரம்பிச்சாலே பேச்ச மாத்திடறாரு.”

“நாளைக்கு வாங்க சார்.” அவள் வாசலுக்கு இறங்கி வந்தாள். “நான் பக்கத்துல நிக்கறேன். பேச்ச மாத்த வுடமாட்டேன். அவரு மூஞ்சப் பாத்து சொல்லுங்க. அப்புறம் போங்க.”

அவர் தலையை ஆட்டினார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.

மறுநாள் ராஜாராம் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. பிரிஸ்கில்லா போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது.

ஏசுதாஸ் இருமவில்லை. பேசவும் இல்லை. கஞ்சி வேண்டாம் என்றார். வெளியே பைக் சத்தம் கேட்டால்கூடக் கண் வாசலுக்குப் போனது.

மூன்றாவது நாள் கேட்டார்.

“வாத்தியாரு உங்கிட்ட எதனா சொன்னாரா?”

அவளால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினாள். சொல்லும்போதே அழுகை வந்தது. அப்பா கத்துவார், நெஞ்சில் அடித்துக்கொள்வார் என்று பயந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஏசுதாஸ் அசையவில்லை.

“தெரியும்மா.”

“தெரியுமா?”

“அன்னிக்கே தெரியும். ஜெயிச்சான்னு அவரு அக்கா பையன் கையத் தூக்குனப்போ எல்லாரும் என்னப் பாத்தாங்க. வாத்தியாரு மட்டும் பாக்கல.”

“தெரிஞ்சுகினா தினமும் உக்கார வெச்சிப் பேசினே? அவரே சொல்ல வரும்போது இன்னாத்துக்குப் பேச்ச மாத்தினே? மன்னிச்சிட்டியா நைனா?”

“அதெல்லாம் இல்ல.”

“பின்ன?”

ஏசுதாஸ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். மூச்சு வாங்கியது. நிதானித்துக்கொண்டுதான் சொன்னார்.

“சொல்லிட்டா அவரு மனசுல கீற பாரம் எறங்கிடும். அப்புறம் எதுக்கு இந்த வூட்டு வாசப்படிய மிதிப்பாரு? ஹாக்லர்னா யாருன்னு தெரிஞ்சவரு இந்தப் பக்கத்துல அவரு ஒருத்தருதாம்மா.”