செத்த ஆட்டுக்குக் காவல்

உயிரோடு இருந்த ஆட்டைக் காப்பாற்ற வக்கில்லை, செத்த ஆட்டுக்குக் காவல் உட்கார்ந்திருந்தாள் மீனம்பாள்.

காலை ஏழு மணிக்கே செஞ்சி வனத்துறை ஆபீசுக்குப் போன் போட்டுவிட்டாள். மணி பதினொன்று ஆகிவிட்டது. ராஜகிரி மலைக்குப் பின்பக்கத்துப் பாறையில் சூட்டில் கால் வைக்க முடியவில்லை. இதோ வந்துவிட்டேன் என்ற வனக்காவலன் எந்த ஊரைச் சுற்றிக்கொண்டு வருகிறானோ.

அடித்துப்போட்ட ஓநாயும் போய்த் தொலையவில்லை. கள்ளிப் புதருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, இவள் எப்போது எழுந்து போவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தது. மிச்சத்தையும் தின்ன வேண்டுமாம்.

கல்லை விட்டெறிந்தாள். நாலடி தள்ளிப் போய் உட்கார்ந்தது.

இது மூன்றாவது ஆடு. மூன்றும் வல்லம் பெரியதம்பி வாரத்துக்கு விட்டவை. மேய்த்து வளர்த்தால் ஈனும் குட்டியில் பாதி அவளுக்கு. அதை நம்பித்தான் அடுப்பு எரிகிறது.

போன வாரமே அவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

“இனிமே நாய் கடிச்சா அது நீ பாக்காத குத்தம், இருக்கறத ஓட்டினு பூடுவேன். ஓநாயின்னு காவலர் எழுதினா சொல்லு, கறியில பூச்சிமருந்து வச்சிர்றேன்.”

அவளும் முதல் ஆட்டிலிருந்தே ஓநாய் என்றுதான் கத்துகிறாள். வனக்காவலன் அன்புச்செல்வன் வந்தான், கழுத்துக் கடியைப் பார்த்தான், நாய் என்று எழுதிக்கொண்டு போனான். இரண்டாவதுக்கும் நாய். ஊரே சிரித்தது. நாய்க்கும் ஓநாய்க்கும் வித்தியாசம் தெரியாதவனுக்கு எதற்குக் காக்கிச் சட்டை?

இன்றைக்கு விடுவதாக இல்லை. கண்ணெதிரே காட்டிவிட வேண்டும்.

ஓநாய் எழுந்து சோம்பல் முறித்தது. வெயிலில் பக்கவாட்டில் நின்றது.

மீனம்பாளின் கை கல்லோடு அப்படியே நின்றுவிட்டது.

அடிவயிற்றில் காம்புகள் தொங்கின. சுற்றிலும் முடி உதிர்ந்து, சப்பிச் சப்பிச் சிவந்துபோன காம்புகள். ஆடு மேய்ப்பவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சனியன், இந்தக் கோலத்தை இன்றைக்குத்தானா காட்ட வேண்டும். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கல்லைக் கீழே போட்டாள்.

பைக் சத்தம் கேட்டதும் ஓநாய் பாறை இடுக்கில் மறைந்தது.

அன்புச்செல்வன் வேர்க்க விறுவிறுக்க ஏறி வந்து, ஆட்டைக் குனிந்து பார்த்தான். பையிலிருந்து நோட்டை எடுத்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“நாய்தான் தம்பி. நாயின்னே எழுதிக்க.”

சொல்லும்போதே பெரியதம்பி ஆடுகளை ஓட்டிக்கொண்டு போவது கண்ணில் தெரிந்தது. ஆனாலும் சொன்னதை மாற்றவில்லை.

அன்புச்செல்வன் நோட்டைப் பிரிக்காமல் அவளையே பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“அஞ்சு குட்டி இருக்குதுக்கா. மொத ஆடு செத்த அன்னிக்கே பாத்துட்டேன்.”