நான்கு சென்டிமீட்டர் விண்டோ

பழைய மானிட்டரில் உள்ளங்கை அகலம் இருந்தது, பாட்டுக்கு எதிரொலி சேர்க்கும் மென்பொருளின் விண்டோ. புது 4கே மானிட்டரில் அது தபால்தலையாகச் சுருங்கிவிட்டது. சவுண்ட் இன்ஜினியர் ஸ்கேலை வைத்து அளந்தார். நான்கு சென்டிமீட்டர். அதற்குள் பன்னிரண்டு குமிழ்கள். எதில் என்ன எழுதியிருக்கிறது என்பது அதைச் செய்தவனுக்கே வெளிச்சம். மாலைக்குள் பாட்டைக் கொடுத்தாக வேண்டும்.

செட்டிங்ஸில் அளவை 150 சதவீதமாக்கி, கணினியை அணைத்துப் போட்டார். ஒரு மாற்றமும் இல்லை. 175 போட்டார். ம்ஹும். எரிச்சலில் தட்டிய குதிகால் தரையில் படவில்லை. யாரோ நாற்காலியை ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்று பல்லைக் கடித்தபடி கடைசிவரை இறக்கிக்கொண்டார். 200 போட்டு மறுபடி அணைத்துப் போட்டதும் எல்லா எழுத்தும் பளிச்சென்று தெரிந்தது.

"இங்க வாயேன், ஒருவழியா பெருசாக்கிட்டேன்!"

மனைவி சமையலறையிலிருந்து வந்து திரையைக் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். "எங்கங்க பெருசாச்சு? எறும்பு மாதிரிதானே இருக்கு." ஸ்கேலை எடுத்து வைத்தாள். "அதே நாலு சென்டிமீட்டர்."

"உனக்கு எதுதான் கண்ணுல பட்டுச்சு!" என்று எரிந்து விழுந்துவிட்டுப் பாட்டை ஓடவிட்டார். வழக்கம்போலக் குதிகாலால் தாளம் தட்டினார். தரை அகப்படவில்லை. விரல்நுனிவரை மூடிவிட்ட சட்டைக்கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு நாற்காலியை இறக்கப் பார்த்தார். அதற்கு மேல் அது இறங்கவில்லை.

பாட்டு ஓடியது. கால்கள் இரண்டும் தாளம் தப்பாமல் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தன.