சாப்பிட்டாச்சு

ஊரில் தனியாக இருக்கும் அம்மா தினமும் போனில் "சாப்பிட்டியா?" என்று கேட்பாள். பதில் சொல்லி அலுத்துப்போன திருமாறன், வீட்டையும் போனையும் இயக்கும் சர்வரில், பைத்தான் கணினி மொழியில் ஒரு ஃபங்ஷன் எழுதிச் சேர்த்துவிட்டான். யார் கேட்டாலும் அது அவன் குரலில் "சாப்பிட்டாச்சு" என்று முந்திக்கொள்ளும்.

இன்று அவனுடைய ஸ்மார்ட் சமையலறை "சாப்பிட்டாச்சா?" என்று அவனிடம் கேட்டது, சர்வர் பதில் சொன்னது, அடுப்பு எரியவில்லை. தெருமுனை மெஸ்ஸுக்கு ஓடினான்; அங்கே கேட்டதற்கும் அவன் போனிலிருந்து சர்வரே முந்திக்கொண்டது. "உங்க சர்வர் சாப்பிட்டாச்சுங்குதே சார்" என்று கையை விரித்தார்கள். ஃபங்ஷனை நீக்கலாமென்றால், பசி மயக்கத்தில் பாஸ்வேர்டு நினைவுக்கு வரவில்லை.

ஒன்றும் புரியாமல் அம்மாவையே கூப்பிட்டான்.

"பசிக்குதும்மா. நீயாவது சாப்..."

"சாப்பிட்டாச்சுப்பா."

கேட்டு முடிக்குமுன்பே பதில் வந்துவிட்டது. திருமாறன் போனையே வெறித்தான். அம்மாவுக்கு இதை எழுதிக்கொடுத்தது யார்? அதைவிட, அம்மா சாப்பிட்டாளா?