மாடியில் ஒரு கோழிக்கால்

"எடை குறைக்கிற ஆபரேஷன் முடிஞ்சு மூணு வாரம்தான் ஆகுது. அதுக்குள்ள இது தேவையா?" என்றபடி பொட்டலத்தை நீட்டினார் டிரில் மாஸ்டர்.

"நாலு ஸ்பூன் சூப்புய்யா! அதையும் இருபது நிமிஷம் உறிஞ்சணும். கண்ணு பஞ்சடைச்சுப் போச்சு" என்று பிடுங்கிக்கொண்டார் கணக்கு வாத்தியார்.

"வீட்ல தெரிஞ்சா?"

"மூணு மாடி ஏறி அவ வரமாட்டா. நீ கிளம்பு."

அவர் போனதும், மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்த போர்வைக்குப் பின்னால் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார் வாத்தியார். பொரித்த கோழிக்கால். முதல் கடியிலேயே கண் கலங்கிவிட்டது.

சட்டென்று போர்வை விலகியது. மூச்சு வாங்க, இடுப்பில் கைவைத்து நின்றாள் மனைவி.

பிட்டு அடித்து மாட்டிய மாணவனைப் போல வாத்தியார் எழுந்து நின்றார். "ஒரே ஒரு வாய்தாம்மா..."

"பேசாதீங்க. மூணு வாரமா சாப்பாட்டு மேஜையில துக்க வீடு மாதிரி உக்காந்திருக்கோம். வயித்தை வெட்டினது எனக்கு. நீங்க எதுக்குப் பட்டினி கிடக்கறீங்க?"

"உன் எதிர்ல சாப்பிட மனசு வரலை."

"என் எதிர்லயே சாப்பிடுங்க. நீங்க ருசிச்சுத் திங்கறதைப் பார்த்தாவது நாக்கு ஆறட்டும்."

அப்போதுதான் வாத்தியாருக்கு உறைத்தது. "ஆமா, உன் முழங்கால் வலியோட நீ எப்படி மேல வந்தே?"

"வாசனை படியிறங்கி வந்துச்சு, நான் படியேறி வந்தேன். எட்டு வருஷத்துல இதான் முதல் தடவை!" அவள் முகமெல்லாம் சிரிப்பு. "இனிமே ஒளியறதுக்கு வேற வீடு பாருங்க."