பெரிய டாக்டரின் இடம்

"அது என் இடம்! அங்க நிக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது?"

பெரிய டாக்டர் போட்ட சத்தத்தில் ஆபரேஷன் தியேட்டரே அதிர்ந்தது. மேசைக்கு வலது பக்கம் நின்றிருந்த சின்ன டாக்டர் மட்டும் இம்மியும் அசையவில்லை.

"இன்னிக்கு நான்தான் செய்யறேன் சார்."

பெரிய டாக்டருக்கு ரத்தம் கொதித்தது. அந்த ஆஸ்பத்திரியில் வலது பக்கம் என்றால் அவர்தான். கத்தரி நீட்டுகிறவர் நீட்டலாம், ரத்தம் துடைக்கிறவர் துடைக்கலாம். வாயைத் திறக்கும் உரிமை அவர் ஒருவருக்கே. நேற்றுவரை கை கட்டி நின்றவள் இன்று எதிர்த்துப் பேசுகிறாள்!

"யாரைக் கேட்டு முடிவு பண்ணே?"

"நாங்க எல்லாருமா பேசி முடிவு பண்ணோம்."

"எல்லாருமான்னா? நர்ஸுமா? அப்ப இந்தத் துறைக்குத் தலைவன்னு நான் எதுக்கு இருக்கேன், அழகு பார்க்கவா? சரி, நீயே செஞ்சு தொலை. ஆனா ஒவ்வொரு தையலும் நான் சொல்ற மாதிரிதான் போடணும்!"

"முடியாது சார். குடல்வால் வெடிக்கிற நிலைமையில இருக்கு. யார் பெரியவங்கங்கற பஞ்சாயத்தை அப்புறம் வெச்சுக்கலாம். நோயாளி பிழைக்கணும். நம்ம எல்லாருக்கும் வேலை அது ஒண்ணுதான்."

"எனக்கே பாடமா? இரு, உன்னை என்ன பண்றேன் பாரு. முதல்ல அந்த விளக்கைத் திருப்புங்க, கண்ணு கூசுது!"

விளக்கைச் சற்றே திருப்பிவிட்டு சிஸ்டர் சொன்னாள்: "ஒரு நிமிஷம். கத்தி வெக்கறதுக்கு முன்னாடி அவங்கவங்க சொல்ல வேண்டியதைச் சொல்லிடுங்க."

தண்ட வேலை என்று பெரிய டாக்டர் எப்போதோ நிறுத்திவிட்ட வழக்கம் அது. "அதை வேண்டாம்னு சொன்னேன்ல!" என்று எரிந்து விழுந்தார்.

சிஸ்டருக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "போன மாசம் பஞ்சு ஒண்ணு குறையுதுன்னு தொண்டை கிழியச் சொன்னேன். 'உன் வேலையைப் பாரு'ன்னுட்டு வயித்தைத் தெச்சு மூடிட்டீங்க. அந்தம்மாவை மறுபடி இதே மேசைக்குக் கொண்டுவந்தோமே, மறந்துபோச்சா? இனிமே தப்புன்னு பட்டா யார் வேணும்னாலும் நிறுத்தச் சொல்லலாம், வண்டி தள்ளறவர்கூட."

பெரிய டாக்டரின் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் இறங்கிவர மனம் வரவில்லை. "உங்க எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பறேன்! வேற ஆளுங்களை வெச்சு..." மேலே பேச முடியாமல் பல்லைக் கடித்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

யாரும் அவருக்காகக் காத்திருக்கவில்லை.

"பஞ்சு, கத்தரி எல்லாம் எண்ணியாச்சு" என்றாள் சிஸ்டர்.

"மருந்து தயார். ரத்த அழுத்தம்தான் எகிறுது. இந்தக் கத்தல் நின்னா தானா இறங்கிடும்" என்றார் மயக்க டாக்டர்.

"நோயாளி?"

"இவர்தான்" என்று, மேசையில் மல்லாந்து படுத்தபடி இன்னும் திட்டிக்கொண்டிருந்த பெரிய டாக்டரின் வயிற்றைச் சின்ன டாக்டர் தொட்டுக் காட்ட, மயக்க டாக்டர் அவர் வாயை முகமூடியால் மூடினார்.