விளிம்பில் அண்ணி

காலை வெயிலில் ஸ்கேட்டிங் திடலின் சிமெண்டுச் சரிவு கண் கூசப் பளபளக்கிறது. பாருங்கள், ஆளுயரச் சரிவின் விளிம்பில் ரொட்டிக்கடைக்காரி நிற்கிறாள். ஹெல்மெட்டின் பட்டை மோவாயை இறுக்குகிறது. முழங்கால்களில் உறை மாட்டியிருக்கிறாள். ஸ்கேட்போர்டின் வாலைப் பின்காலால் அழுத்தி மிதித்திருக்கிறாள். மீதிப் பலகை அந்தரத்தில் நீண்டிருக்க, முன்சக்கரங்கள் காற்றில் மெல்லச் சுழல்கின்றன. இரண்டு முறை இதே இடத்தில் நின்றுவிட்டு, வேண்டாமென்று திரும்பியவள். இன்றும் திரும்பினால் பலகையைப் பரணில் போட்டுவிடுவதாகச் சபதம். கீழே நின்று நாத்தனார் கத்துகிறாள்: “பின்னால சாயாதீங்க அண்ணி. சாஞ்சா பலகை மட்டும் வரும், நீங்க அங்கயே உக்காந்திருப்பீங்க. முன்காலை ஓங்கி மிதிங்க.” “வெறும் காத்தை எப்படிடி மிதிக்கிறது?” “எங்கண்ணனை நெனச்சுக்கிட்டு மிதிங்க.” சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. அந்தச் சிரிப்பிலேயே பயத்தின் பிடி நழுவ, முன்கால் ஓங்கி இறங்குகிறது. நான்கு சக்கரங்களும் சடாரென்று சிமெண்டில் பதிகின்றன. அவள் சரிவில் வழுக்கி, சமதளத்தில் சீறிப் பாய்ந்து, விழாமல் போய்க்கொண்டே இருக்கிறாள். நாத்தனார் கைதட்டியபடி பின்னாலேயே ஓடுகிறாள். “அண்ணி, போதும், நில்லுங்க.” “போடி, இப்பத்தான் கெளம்பியிருக்கேன்.”